கம்பில் ஏறிய வேட்டி

எங்கள் முதல் பந்தயக் கார் எப்படி இருந்தது என்று போன வாரம் கேட்டீர்கள். நாறியது. அதைப் பற்றி மற்றதெல்லாம் அப்புறம்தான் சொல்ல முடியும்.

சிரிக்காதீர்கள், விஷயத்துக்கு வருகிறேன். டீமுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் காதில் ரேடியோ இருக்கிறது, கண்ணெதிரே கம்ப்யூட்டர் இருக்கிறது. ஓட்டுகிறவர் எந்த வளைவில் எவ்வளவு பிரேக் மிதித்தார் என்பதுவரை திரையில் கோடாக ஓடுகிறது. ஸ்பானர் பிடிக்க நான் கற்றுத் தரப் போவதில்லை. அது கைக்குத் தானாக வரும். வராவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடுவீர்கள், அதில் யாருக்கும் நஷ்டமில்லை. எல்லோருடைய மூளையும் ஒரே நேரத்தில் நின்றுபோகும் ஒரு மூன்று வினாடி நம் தொழிலில் வரும். அந்த மூன்று வினாடியில் உங்கள் வாய் என்ன சொல்லும் என்பதுதான் உத்தியோகம். என் வாய் ஒருமுறை என்ன சொன்னது என்று கேளுங்கள்.

ஐம்பதுகளின் பிற்பாதி. எங்கள் முதலாளி கீழக்கரைக்காரர். பரம்பரையாகத் தோணி வியாபாரம். மண்டபம் கரையில் அவருக்கு ஒரு பட்டறை இருந்தது. ஒரு பக்கம் தோணி செப்பனிடுவோம், மறுபக்கம் மீன் லாரிகளைப் பிரித்துப் போட்டிருப்போம். சரக்கோடு கொழும்புக்குப் போனவர் அங்கே யாரோ கூப்பிட்டு ஒரு கார்ப் பந்தயம் பார்த்துவிட்டார். திரும்பி வந்து கரையில் கால் வைத்ததும் என்னைத்தான் தேடினார்.

"தம்பி, ஒரே ஒரு ஆளு உக்கார்ற வண்டி. பக்கத்துல பொஞ்சாதி உக்காரக்கூட எடமில்ல. அப்ப அது என்னா வேகம் போவும்னு பாத்துக்க!"

நான் அவரிடம் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம் எங்களுடையது. பஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இங்கே வந்ததே என்னைப் பெற்ற அய்யாவுக்குப் பிடிக்கவில்லை. பந்தயக் கார் என்றதும் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த வண்டி எங்கடா போகும்?"

"எங்கயும் போகாதுய்யா. சுத்திச் சுத்திப் பொறப்பட்ட எடத்துக்கே வந்துரும்."

"அதத்தான் செக்குமாடு செய்யுதே" என்றார். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. தோற்றால் மிளகாய்க் காட்டுக்குத்தான் திரும்ப வேண்டும் என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

ஓட்டுவதற்குச் சவரிமுத்து அண்ணன். தங்கச்சிமடத்துக்காரர். பதினைந்து வருஷம் கடலில் தொழில் பார்த்துவிட்டு, முதலாளியின் மீன் லாரிக்கு டிரைவரானவர். மண்டபத்திலிருந்து மதுரைக்கு ஐஸ் கரைவதற்குள் போயாக வேண்டும். நடுவில் பிரேக் என்று ஒன்று இருப்பதையே அவர் மதுரையில்தான் ஞாபகப்படுத்திக்கொள்வார். வேறு யாரையும் நாங்கள் யோசிக்கவேயில்லை.

யுத்தம் முடிந்து ராணுவம் விட்டுப்போன இரும்புக் குழாய்களை வெட்டிச் சேஸி செய்தேன். ஒரு பழைய சின்னக் காரின் எஞ்சினை முதலாளி வாங்கிக் கொடுத்தார். மேல்கூட்டைச் செய்ய ஆள் வேண்டுமே? எங்கள் பட்டறையில் இருந்தது ஓடாவி ஒருவர்தான். ஓடாவி என்றால் எங்கள் கரையில் தோணி கட்டுகிற தச்சர். அவர் சவரிமுத்து அண்ணனை மணலில் உட்காரவைத்து, காலை நீட்டச் சொல்லி, சுற்றிலும் கோடு போட்டு அளவெடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "பாய்மரம் எங்கன வருது?" என்று கேட்டார். உண்மையாகத்தான் கேட்டார். முன்பக்கம் கூராக, நடுவில் அகலமாக, மரச்சட்டத்தில் தகரம் அடித்து ஒரு உடம்பு செய்து தந்தார். அழகென்றால் அப்படி ஒரு அழகு. உச்சிப்புளிப் பக்கம் கிடந்த யுத்த காலத்து ஓடுபாதையில் ஆடுகளை விரட்டிவிட்டு அதை முதன்முதலாக ஓட்டியபோது, நாங்கள் நான்கு பேரும் மணலில் விழுந்து விழுந்து சிரித்தோம். சந்தோஷம் தாங்கவில்லை.

நாங்கள் பேர் கொடுத்த பிரிவு சின்ன எஞ்சின் வண்டிகளுக்கானது. பந்தயம் நடத்தும் கிளப்பில் ஒரு விதி இருந்தது. பட்டறையில் சொந்தமாகக் கட்டிய வண்டிக்கு மூன்று வாய்ப்பு. மூன்றில் ஒன்றையாவது கடைசிவரை ஓடி முடிக்க வேண்டும். ஜெயிக்க வேண்டியதில்லை, முடித்தால் போதும். மூன்றும் பாதியில் நின்றால் அந்த வண்டியை அதற்குமேல் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் பந்தயம் மெட்ராஸ் பக்கத்தில். புறப்படுவதற்கு முதல் நாள், உப்புக் காற்றில் தகரம் துருப்பிடிக்காமல் இருக்க ஓடாவி அவருக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்துவிட்டார். தோணிக்குப் பூசுகிற மீன் எண்ணெயை வண்டி முழுக்க, உள்ளும் புறமும், இரண்டு கை பூசிவிட்டார். லாரியில் ஏற்றிக்கொண்டு போகும்போதே வழியெல்லாம் நாய்கள் துரத்தின. பந்தயம் தொடங்கி மூன்றாவது சுற்றில் எஞ்சின் சூடேறியதும் அந்த எண்ணெய் பொரிய ஆரம்பித்தது. புகையென்றால் அப்படி ஒரு புகை. பின்னால் வந்த இரண்டு பேர் மூக்கைப் பொத்த ஒரு கையை எடுத்து, ஒற்றைக் கையால் ஓட்டினார்கள். வண்டி தீப்பிடித்துவிட்டது என்று அதிகாரிகள் எங்களுக்குக் கறுப்புக் கொடி காட்டினார்கள். கறுப்புக் கொடி என்றால் உடனே உள்ளே வா என்று அர்த்தம். உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

சவரிமுத்து அண்ணனுக்குத் தெரிந்த கறுப்புக் கொடி வேறு. மந்திரி வந்தால் ரோட்டோரம் நின்று காட்டுவார்களே, அது. அவர் இன்னும் வேகத்தைக் கூட்டினார். இரண்டாவது முறை காட்டியபோது அவர்களைப் பார்த்துக் கும்பிடு வேறு போட்டார். கடைசியில் பாதையில் குறுக்கே வண்டியை நிறுத்தித்தான் பிடித்தார்கள்.

"நம்மள எதுத்துக் கறுப்புக் கொடி காட்டுறாய்ங்கெ மொதலாளி" என்று இறங்கியதும் ஆவேசமாகச் சொன்னார். "எதுக்குறாங்கன்னா நின்னுருவமா?"

முதலாளி சிரித்த சிரிப்பில் தொப்பி கீழே விழுந்துவிட்டது. நானும் சிரித்தேன். அதுதான் என் தப்பு. ஒரே கொடி இரண்டு பேருக்கு இரண்டு சொல்லும் என்று அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு மறந்துவிட்டேன்.

இரண்டாவது பந்தயத்தில் மழை. மழை எங்களுக்கு நல்லது என்றுதான் நினைத்தோம், நனைந்த ரோட்டில் சவரிமுத்து அண்ணனுக்குப் பயமே கிடையாது. ஆனால் ஓடாவி கட்டிய உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகாது. இடுக்குகளிலெல்லாம் பஞ்சு அடைத்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றியிருந்தார். வெளியே இருக்கிற தண்ணீர் உள்ளே வராத கூட்டில், மேலே திறந்த வழியாக வந்த தண்ணீர் எப்படி வெளியே போகும்? எட்டாவது சுற்றில் அண்ணன் முழங்காலளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். பதினோராவது சுற்றில் இடுப்பளவு. பிரேக்கையும் கிளட்ச்சையும் தண்ணீருக்கடியில் துழாவிக்கொண்டிருந்தார். வளைவுகளில் அலை அடித்து எதிர்ப்பக்கம் வழிந்தது. ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இன்னொரு கையால் தலைக்கவசத்தைக் கழற்றி அதால் இறைக்க ஆரம்பித்தார். கவசம் இல்லாமல் ஓட்டியதற்காக வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"கீழ ஒரு ஓட்டை போட்டிருக்கலாமே" என்று ஓடாவியிடம் நான் கத்தினேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "எங்கய்யா காலத்துலருந்து எத்தனையோ தோணி எறக்கிருக்கோம். அடியில ஓட்டை போடுன்னு சொன்ன மொத ஆளு நீதாண்டா" என்றார். அவர் பக்கம் நின்று பார்த்தால் அவர் சொன்னது நியாயம்தான்.

இப்போது ஒரு வாய்ப்புதான் மிச்சம். முதலாளி என்னைப் பட்டறைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். சிரிப்பில்லை. "தம்பி, எனக்கும் ஆசதான். ஆனா அங்கன ஒரு தோணி எஞ்சின் இல்லாம மல்லாந்து கெடக்கு. மூணாவதும் முடிக்கலேன்னா கார கலச்சுருவோம். எஞ்சினத் தோணிக்கு எடுத்துக்கிறேன். மனசு விட்டுறாத, இன்ஷா அல்லா முடிச்சுருவோம்" என்றார். முடிப்போம் என்று சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் கிளப்புக்கு வழக்கமான மைதானம் கிடைக்கவில்லை. முதலாளி விடுவாரா? யார் யாரையோ பிடித்து, மூன்றாவது பந்தயத்தை எங்கள் உச்சிப்புளி ஓடுபாதைக்கே வரவழைத்துவிட்டார். ஊரே திரண்டது. தங்கச்சிமடத்திலிருந்து ரயிலில் வந்தார்கள். புதுமடத்திலிருந்து குடும்பம் குடும்பமாக நடந்து வந்தார்கள். அன்றைக்கு அந்தக் கரையில் யாரும் கடலுக்குப் போகவில்லை. கயிறு கட்டி அந்தப் பக்கம் ஜனத்தையும் இந்தப் பக்கம் வண்டிகளையும் நிறுத்தினார்கள்.

இருபது சுற்று. பதினாறு சுற்று முடிந்தபோது நாங்கள் மூன்றாவது இடத்தில் இருந்தோம். ஏழு வண்டிகளில் மூன்றாவது! எனக்குக் கால் தரையில் படவில்லை. ஓடாவி, "எங்கய்யா இதப் பாக்கக் குடுத்து வைக்கலயே" என்று அழுதார்.

அப்போதுதான் எனக்கு எஞ்சின் சத்தம் மாறியது கேட்டது. சிறு மாற்றம்தான். ஆனால் அதைப் பிரித்துப் பூட்டியவன் நான். இப்படியே மிதித்தால் இரண்டு சுற்று தாங்காது, அடக்கி ஓட்டினால் நாலும் தாங்கும். முடித்தால் போதும் என்றிருக்கும்போது எதற்கு மிதிக்க வேண்டும்? சவரிமுத்து அண்ணனோ மதுரைக்கு ஐஸ் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

காலையிலேயே அவரிடம் சொல்லியிருந்தேன், வெள்ளைத் துண்டை வீசினால் மெதுவாக வா என்று. "சரி சரி" என்றிருந்தார். துண்டை வீசினேன். வெயிலில் மணல் கண்ணைப் பறித்தது, அவர் பார்க்கவில்லை. அடுத்த சுற்றிலும் வீசினேன். அப்போதும் இல்லை. இன்னும் மூன்று சுற்று. சத்தம் இன்னும் மோசமாகியிருந்தது. துண்டு சின்னது, தாழ்வாக வீசுகிறேன், அதுதான் கோளாறு என்று எனக்குத் தோன்றியது. பக்கத்தில் முதலாளியின் தோணிக் கம்பு ஒன்று கிடந்தது. இடுப்பு வேட்டியை அவிழ்த்தேன். கம்பின் நுனியில் இறுக்கிக் கட்டி, பட்டாபட்டி டிராயரோடு நின்று, வானத்தைப் பார்க்க உயர்த்திப் பிடித்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முதலில் வந்தது ஜனம்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒரே மூச்சில் எழுந்து, கயிற்றைத் தாண்டி, என்னை நோக்கி ஓடி வந்தார்கள். நூறு பேராவது இருக்கும். ஒருவர் கையில் கயிற்றுச் சுருள் இருந்தது. அதைப் பந்தயத்துக்கு எதற்காகக் கொண்டுவந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தது எங்கள் முதலாளி, கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"யாருக்கு என்னா ஆச்சு? தம்பி, யாருக்கு?"

"ஒண்ணும் ஆகல மொதலாளி!"

"அப்ப ஏன் கம்புல துணி ஏத்துன? அல்லாவே, கம்புல துணிய ஏத்திப்புட்டு ஒண்ணும் ஆகலங்கிறானே!"

நான் முதுகுளத்தூர்க்காரன். மிளகாய்க் காட்டில் யாரும் கம்பில் துணி ஏற்றுவதில்லை. கடலில் ஒரு வள்ளம் கவிழ்ந்தாலோ, பாய்மரம் முறிந்தாலோ, கையில் இருக்கிற துணியைக் கம்பில் கட்டி உயர்த்துவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதைப் பார்த்தவன் போட்ட வலையை அப்படியே விட்டுவிட்டுப் போயாக வேண்டும். யார் வள்ளம், எந்த ஊர், என்ன ஜாதி என்று கேட்கக் கூடாது. என் கையில் இருந்தபோது மெதுவாக வா என்றிருந்த துணி, கம்பில் ஏறியதும் காப்பாற்று என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. அந்த மைதானத்தில் அது தெரியாதவர்கள் கிளப் அதிகாரிகளும் நானும்தான்.

கம்பை இறக்குவதற்குள் சவரிமுத்து அண்ணன் பார்த்துவிட்டார். ஓடுபாதையை விட்டு ஒடித்துத் திருப்பி நேராக எங்களிடம் வந்து நின்றார். மூன்றாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்த மனிதர், கொஞ்சமும் யோசிக்காமல், அத்தனையையும் விட்டுவிட்டு வந்துவிட்டார். எஞ்சின் திக்கித் திக்கி ஓடிக்கொண்டிருந்தது. நின்றால் கதை முடிந்தது. தள்ளி ஸ்டார்ட் பண்ண விதி இடம் கொடுக்காது.

"யாருக்குலே என்ன?" என்று கத்தினார்.

இதுதான் நான் சொன்ன மூன்று வினாடி. நிஜத்தைச் சொல்லலாம்: ஒன்றுமில்லை அண்ணே, மெதுவாக வரச் சொன்னேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்றுமில்லாமல் கம்பில் துணி ஏற்றியதற்கு அங்கேயே இறங்கி என்னை அடிப்பார். எஞ்சின் நிற்கும், தோணிக்குப் போகும், நான் மிளகாய்க் காட்டுக்குப் போவேன். விளக்கம் சொல்ல நேரமில்லை. அவருடைய கை கால் எந்தச் சொல்லுக்குத் தானாக அசையுமோ அந்தச் சொல் வேண்டும். அது என் பாஷையில் இல்லை, அவர் பாஷையில்தான் இருந்தது.

ஓடுபாதையின் மறுகோடியைக் கைகாட்டினேன்.

"அங்கன ஒருத்தன் தவிக்கிறாண்ணே! போ! மெதுவா போ, ஏத்திறாத, ரெண்டு பக்கமும் பாத்துப் போ!"

"வாரேன்னு சொல்லு!" என்று கத்திவிட்டுப் புறப்பட்டார்.

தவிக்கிறவனைத் தேடிப் போகிறவன் எப்படிப் போவான் என்று பார்த்திருக்கிறீர்களா? அவ்வளவு பதவிசாக அந்த மனிதர் வண்டி ஓட்டி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கழுத்தை நீட்டி இடமும் வலமும் பார்த்துக்கொண்டு, வளைவுகளில் பூப்போலத் திருப்பிக்கொண்டு போனார். எஞ்சின் சத்தம் அடங்கியது. இரண்டு வண்டிகள் அவரைத் தாண்டிப் போயின. போகட்டும். எங்களிடம் ஓடி வந்த நூறு பேரும் என் வேட்டியைச் சுற்றி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பத்தொன்பது. இருபது. கட்டம் போட்ட கொடி இறங்கியது.

முடித்துவிட்டோம்! ஐந்தாவது இடம்! முதலாளி என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். ஓடாவி மணலை அள்ளி வானத்தில் வீசினார். கிளப் அதிகாரி சிரிப்பை அடக்க முடியாமல் தாளில் எங்கள் எண்ணுக்கு நேராக ‘முடித்தது’ என்று எழுதினார். கரையே குலவை போட்டது.

சவரிமுத்து அண்ணன் நிற்கவில்லை. கொடியைத் தாண்டி, மறுபடியும் ஒரு சுற்று புறப்பட்டுவிட்டார். பந்தயம் முடிந்து எல்லோரும் இறங்கிவிட்ட வெற்று ஓடுபாதையில், ஒரே ஒரு வண்டி, ஒரே ஒரு ஆள், இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அதிகாரிகள் கையிலிருந்த கொடிகளையெல்லாம் காட்டினார்கள். அவர் எதையும் மதிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் என் சிரிப்பு நின்றது.

இதற்குத்தான் உங்களை உட்காரவைத்தேன். யாருக்காவது ஒரு சைகை சொல்லிக்கொடுக்குமுன், உங்களைச் சந்திப்பதற்கு முன்னால் அந்தச் சைகை அவருக்கு என்னவாக இருந்தது என்று கேட்டுவிடுங்கள். நெருக்கடியில் மனிதர்கள் நேற்றுக் கற்றதை மறந்துவிடுவார்கள், முதலில் கற்றதுதான் நிற்கும். கேட்க மறந்து மாட்டிக்கொண்டால், உங்கள் பாஷையில் கத்தாதீர்கள்.

கடைசியில் சவரிமுத்து அண்ணன் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். முகமெல்லாம் புழுதி, கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை.

"ஒரு புதர் விடல, பாத்துட்டேன். ஒருத்தனையும் காங்கல" என்றார். "யாருலே தவிச்சது? எடுத்துட்டாகளா?"

முதலாளி எங்கோ பார்த்தார். நான் டிராயரோடு நின்றுகொண்டிருந்தேன். இன்னொரு பொய் வாயில் வரவில்லை.

"நாந்தாண்ணே."

அவர் என்னைப் பார்த்தார். கம்பைப் பார்த்தார். அதிகாரியின் தாளைப் பார்த்தார். எல்லாம் புரிந்துபோனது அவர் முகத்தில் தெரிந்தது. அடிக்கத்தான் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் கம்பிலிருந்து வேட்டியை அவிழ்த்து, ஒரு உதறு உதறி, என் இடுப்பில் அவரே சுற்றிக் கட்டிவிட்டார்.

"ஒண்ணுமில்லாம இனி ஏத்துன, கைய ஒடிச்சுருவேன்" என்றார், முடிச்சை இறுக்கிக்கொண்டே. "தவிச்சா ஏத்து. என்ன ஓட்டத்துல இருந்தாலும் வாரேன்."